நாதஸ்வரம், தவில், வீணை: ஒலிப்பதிவில் மைக் வைக்கும் இடம்

ஒலிப்பதிவு செய்யத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம் என்பதைத்தான்; அதை எங்கே வைப்பது என்று கேட்கிறவர்கள் குறைவு. ஐயாயிரம் ரூபாய் மைக்கை உரிய இடத்தில் வைத்து எடுத்த வீணைப் பதிவு, அதைப்போல் பத்து மடங்கு விலையுள்ள மைக்கைக் கண்ட இடத்தில் நிறுத்தி எடுத்த பதிவைவிட நன்றாக அமைந்ததை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். வீட்டு அறையிலோ மண்டபத்திலோ திறந்த வெளியிலோ நம்முடைய வாத்தியங்களைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், ஒரு மடிக்கணினி, காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஆகியவை கையில் இருந்தால் போதும். அளவுகளைச் சாண், முழம் என்றே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன். அளவு நாடா வீட்டில் மறந்துபோகும், கை மறந்துபோகாது. ஒரு சாண் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர், ஒரு முழம் அதைப்போல் இரண்டு மடங்கு.

முதலில் அறை

சேலத்தில் இப்போது கட்டப்படும் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் வழுவழுப்பாகப் பூசிய சுவரும் கொண்டவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை முடிந்த பிறகும் 'கிண்' என்று ஒரு வால் அதைத் தொடர்ந்து வரும். அந்த வால், வாத்தியத்தின் ஒவ்வொரு மீட்டோடும் ஒட்டிக்கொண்டு பதிவுக்குள் வந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. எனவே துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைப்பது, மெத்தையைச் சுவரில் சாய்ப்பது, தரையில் பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரிப்பது ஆகிய வேலைகளை முதலில் முடித்துவிட வேண்டும். வாசிப்பவரை மூலையில் உட்கார வைத்தால் அடிக்குரல் வீங்கும். அறையின் நட்டநடுவில் உட்கார வைத்தால் சில அடிக்குரல்கள் காணாமலே போகும். நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சுவருக்கு முதுகைக் காட்டாமல் சற்றே கோணலாக உட்கார வைப்பது பெரும்பாலும் சரியாக அமைகிறது.

நான் இருப்பது அம்மாப்பேட்டைப் பக்கம். இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. அந்த ஓசை காற்றில் வருவதைவிடத் தரை வழியாகத்தான் அதிகம் வருகிறது என்பதை ஒரு வீணைப் பதிவை முழுதாகக் கெடுத்துக்கொண்ட பிறகே தெரிந்துகொண்டேன். ஜன்னலையும் கதவையும் சாத்தி, இடுக்குகளில் பழந்துணி திணித்து, மின்விசிறியையும் நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க ஒரு மணி நேரம் எடுத்த பதிவில், ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது, ஆலாபனையின் கார்வைகளுக்கு அடியில் 'தடக் தடக்' என்று தறி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அடியில் பழைய ரப்பர் செருப்புகளை வைத்தேன். அதில் பெரும்பகுதி அடங்கிவிட்டது. மிச்சத்தை, மிகத் தாழ்ந்த ஓசைகளைக் குறைக்கும் லோ கட் பொத்தானால் மைக்கிலேயே வெட்டலாம். ஆனால் அதை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரத்தை மீட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தறியின் அதிர்வோடு சேர்ந்து அந்தத் தந்தியின் அடிநாதமும் வெட்டுப்பட்டுப் போகலாம். இப்போது நான் வேறொரு வழியும் வைத்திருக்கிறேன். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நாளில் தறி நிற்கும் என்பதால், "அக்கா, பாவு எப்போ தீருதுங்க?" என்று தறிக்கார வீட்டில் கேட்டுவிட்டுத்தான் பதிவுக்கு நாள் குறிக்கிறேன்.

காதை நகர்த்திய பிறகு மைக்கை நகர்த்துவது

வாசிப்பவரைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றக் காதை மைக் இருக்கப்போகிற உயரத்துக்குக் கொண்டுவந்து, வாத்தியத்தைச் சுற்றி மெதுவாக நகருங்கள். இரண்டு காதாலும் கேட்கும்போது, சுவரிலிருந்து திரும்பி வரும் ஓசையை மூளை தானாகவே ஓரளவு ஒதுக்கிவிட்டு வாத்தியத்தை முன்னால் நிறுத்தும். ஒற்றை மைக்குக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு காதை அடைத்தவுடன் அறை எவ்வளவு முழங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். நகர்ந்துகொண்டே போகும்போது ஓரிடத்தில் ஓசை கூராகவும், ஓரிடத்தில் மந்தமாகவும், ஓரிடத்தில் நிறைவாகவும் கேட்கும். நிறைவாகக் கேட்ட இடத்தில் மைக்கை நிறுத்தி, அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டு, ஒரு சாண் முன்னே அல்லது பின்னே நகர்த்தி மறுபடியும் கேட்க வேண்டும். தவிலுக்கும் பறைக்கும் மட்டும் இந்தச் சோதனையை இரண்டு மீட்டர் தள்ளி நின்று செய்யுங்கள். காது ஒருமுறை போனால் வாங்க முடியாது.

ஒரு சாண் நகர்த்துவதில் என்ன மாறிவிடும் என்று தோன்றலாம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறையின் முழக்கமோ எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு சாணிலிருந்து இரண்டு சாணுக்குப் போவது பெரிய மாற்றம், ஏழு சாணிலிருந்து எட்டு சாணுக்குப் போவது ஒன்றுமே இல்லை. அறை மோசமாக இருந்தால் கிட்டே போக வேண்டும். ஆனால் கார்டியாய்டு போன்ற ஒருதிசை மைக்குகளை மிகக் கிட்டே கொண்டுபோனால் அடிக்குரல் செயற்கையாகப் பெருத்துவிடும். எல்லாத் திசையிலிருந்தும் ஓசையை வாங்கும் மைக்குகளில் இந்தக் கோளாறு இல்லை. கார்டியாய்டு மைக்கின் முதுகுப்புறம் ஏறத்தாழ செவிடு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கின் முகம் எதைப் பார்க்கிறது என்று எல்லோரும் கவனிப்பார்கள்; அதன் முதுகு தெருவையோ தறியையோ பக்கத்தில் இருக்கும் தவிலையோ பார்த்திருக்கிறதா என்பதையும் அதே அளவு கவனிக்க வேண்டும்.

நம்முடைய கலைஞர்கள் தரையில் அமர்ந்து வாசிப்பவர்கள் என்பதால் தரையிலிருந்து எதிரொலிக்கும் ஓசை நமக்குக் கூடுதல் தொல்லை. ஓசை ஒரு மில்லி வினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஓசையைவிடத் தரையில் பட்டு வரும் ஓசை 34 சென்டிமீட்டர் அதிகம் சுற்றி வந்தால், இரண்டும் மைக்கில் சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று அடுக்கடுக்காகச் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழும். பதிவைக் கேட்டால் குழாய்க்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். அப்படிக் கேட்டால், ஓசையின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடாதீர்கள். மைக்கை அரைச் சாண் உயர்த்துங்கள் அல்லது தாழ்த்துங்கள், மைக்குக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் வெறும் டைல்ஸ் தெரிந்தால் அதன்மேல் ஜமுக்காளத்தை நீட்டி விரியுங்கள்.

ஓசையின் அளவு பற்றி இரண்டே வார்த்தை: 24 பிட்டில் பதிவு செய்து, மிக உரத்த இடத்தில்கூட முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒத்திகையில் மெதுவாக வாசித்தவர்கள் பதிவு தொடங்கியதும் கை வீசி வாசிப்பார்கள்.

வீணை, மிருதங்கம், வயலின், குழல்

வீணையில் குடத்தின் மேல் பலகையும், அதன்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையும்தான் ஓசையின் ஊற்று. மீட்டும் விரல் அன்று. மைக்கைக் குடத்திலிருந்து ஒரு முழம் முதல் ஒன்றரை முழ தூரத்தில், வாசிப்பவரின் நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே பார்க்கும்படி சாய்க்க வேண்டும். குதிரையை நேராகப் பார்த்தால் கம்பி ஓசை தூக்கலாகி வீணை தகரம் போலாகும். தண்டிப் பக்கம் திருப்பினால் கமகத்தின்போது விரல் தந்தியில் உரசும் 'சர் சர்' ஒலி பாட்டை மூழ்கடிக்கும். இந்த இரண்டுக்கும் இடையே இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. அது வீணைக்கு வீணை மாறும் என்பதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாளத் தந்திகள் வாசிப்பவரின் பக்கமாக இருப்பதால், அவை அதிகம் கேட்க வேண்டும் என்றால் மைக்கைச் சற்று மேலே தூக்கிக் கீழ்நோக்கிப் பார்க்க வைக்கலாம்.

மிருதங்கத்துக்கு வலந்தலை (வலக்கைப் பக்கம்), தொப்பி (இடக்கைப் பக்கம்) என்று இரண்டு தலை, இரண்டும் எதிரெதிர்த் திசையைப் பார்க்கின்றன. ஒரே மைக் இருந்தால், வாசிப்பவருக்கு எதிரில் மூன்று சாண் தள்ளி, மிருதங்கத்தின் உயரத்தில், வலந்தலைப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும்; தொப்பியின் முழக்கம் தானாகவே வளைந்து வந்து சேரும், வலந்தலையின் கூர்மையான சொற்கள் அப்படி வளைந்து வராது. இரண்டு மைக் இருந்தால் தலைக்கு ஒன்றாக, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தள்ளி, கை வந்து மோதாத கோணத்தில் வையுங்கள். அதன் பிறகு ஒரு முக்கியமான வேலை உண்டு: ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஓசை அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகத் திருப்பும் பொத்தானை அழுத்தி, இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அடித்தவுடன் தோல் உள்நோக்கிப் போகும்போது, எதிர்த்தலையின் தோல் வெளிநோக்கி வருவதால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எந்த நிலையில் கும்காரம் நெஞ்சில் இறங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் ரவை தடவி முடிப்பதற்கு முன்பு மைக் வைக்கும் வேலையைத் தொடங்காதீர்கள். ரவை ஏறிய தொப்பி வேறு வாத்தியம்.

கர்நாடக முறையில் வயலினின் தலைப்பகுதி கணுக்காலில் நிற்பதால், அதன் மேல்பலகை எதிரே இருப்பவரைவிட மேலே இருக்கும் விட்டத்தையே அதிகம் பார்க்கிறது. மைக்கை வயலினுக்கு மேலே இரண்டு முழ உயரத்தில், முன்பக்கமாகச் சாய்த்துத் தொங்கவிடுங்கள். கிட்டே வைத்தால் வில்லின் உராய்வுதான் பதியும். புல்லாங்குழலில் ஓசை வாய்த்துளையிலிருந்தும் திறந்திருக்கும் விரல்துளைகளிலிருந்தும் வருகிறது, காற்றோ வாய்த்துளைக்கு நேர் எதிரே பாய்கிறது. ஆகையால் மைக்கை ஊதும் காற்றின் பாதையிலிருந்து விலக்கி, புருவ உயரத்தில், விரல்துளைகளைப் பார்க்கும்படி ஒரு முழம் தள்ளி வைத்தால் மூச்சின் இரைச்சல் பாதியாகக் குறையும்.

நாதஸ்வரமும் தவிலும்

முதன்முதலில் நான் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்தது ஒரு கல்யாண மண்டபத்தில். ஓசை வெளியே வரும் வாய் அணசுதானே என்று நினைத்து, மைக்கை அணசுக்கு நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தினேன். வாசித்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏந் தம்பி, அணசுல மைக்க வெச்சா எல்லாச் சுரமுங்களா வரும்? கீழ் சுரம்தான் இடிக்கும். மேல துளையில வர்றதெல்லாம் எங்க போறது?" என்றார். நான் கேட்கவில்லை. பதிவில் எல்லாத் துளைகளும் மூடிய சுரம் வந்தபோதெல்லாம் மைக் உடைந்து கரகரத்தது. மேல் சுரங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் கேட்டன.

அவர் சொன்னதுதான் அந்த வாத்தியத்தின் இயல்பு. துளைகள் திறக்கத் திறக்க, ஓசையின் பெரும்பகுதி முதலில் திறந்திருக்கும் துளைகளின் வழியாகவே வெளியேறுகிறது. அடிச்சுரத்தில்தான் அணசு முழுப் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. உலவின், அதாவது துளைகள் உள்ள மரக்குழலின், மொத்த நீளமும் ஒரே ஓசையாகச் சேர்வதற்குக் கொஞ்சம் வெளி வேண்டும். மைக்கைக் குறைந்தது மூன்று முழம் தள்ளி, அமர்ந்திருப்பவரின் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உலவின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கும்போது கருவியை இடமும் வலமும் வீசுவார்கள். தூரமாக வைத்த மைக்கில் அந்த வீச்சு அழகாகக் கேட்கும், கிட்டே வைத்த மைக்கில் ஒலி ஏறி இறங்கும்.

தவிலில் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிய கையும், தொப்பியைக் கழியும் அடிக்கின்றன. இரண்டும் கிட்டத்தில் மிக உரத்தவை. நுட்பமான ஓசையையும் வாங்கும் மென்மையான கண்டென்சர் மைக்கைவிட, உரத்த ஓசையைத் தாங்கும் டைனமிக் மைக்கே இங்கே உகந்தது. 1965-இல் வந்து இன்னும் மேடை மேடையாக நிற்கும் ஷூர் எஸ்எம் 57 போன்ற சாதாரண மைக் ஒன்று போதும். வலந்தலைக்கு ஒன்றரைச் சாண் தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே பார்க்க வைத்தால், கூட்டின் 'டக்' என்ற வெட்டும் தோலின் நாதமும் சேர்ந்து வரும்.

இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்யும்போது ஆளுக்கு ஒரு மைக் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது, நாதஸ்வரத்தின் மைக்கில் தவில் பாதி நிறைந்திருக்கும். ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் இடையிலுள்ள தூரம், மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. நாதஸ்வரத்துக்கு மூன்று முழம் என்றால் தவிலின் மைக் ஒன்பது முழம் தள்ளிப் போக வேண்டும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பேசிக்கொண்டு வாசிக்கும் கலையில் இது நடக்காது. ஆகவே நான் பெரும்பாலும் ஒரே ஜோடி மைக்கைத்தான் நம்புகிறேன்: இரண்டு கார்டியாய்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி விரித்து, குழுவுக்கு முன்னால் இரண்டரை மீட்டர் தள்ளி நிறுத்துவேன். பிறகு மைக்கைத் தொடாமல் மனிதர்களை நகர்த்துவேன். தவில் மிஞ்சினால் தவில்காரரை இரண்டடி பின்னே போகச் சொல்வது. சுருதி கேட்கவில்லையென்றால் சுருதிப் பெட்டியை ஓரடி முன்னே இழுப்பது.

இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் முகப்பு வளைவு மட்டும் இன்று நிற்கிறது. அந்தத் தலைமுறைப் படங்களின் பாட்டுகளை எடுத்த காலத்தில் எங்குமே மைக்குகள் சொற்பம், தனித்தனி டிராக்குகள் கிடையாது. உரக்க ஒலிப்பது பின்னே, மெல்ல ஒலிப்பது முன்னே என்று ஆட்களை வரிசைப்படுத்தியே சமநிலையைக் கொண்டுவந்தார்கள். இன்று பதினாறு டிராக் வைத்திருப்பவர்களும் முதல் அரை மணி நேரத்தை இப்படிச் செலவிட்டால், மிக்ஸிங்கில் ஒரு வாரம் மிச்சமாகும்.

மலைக்குப் போனால்

பறையும் பம்பையும் திறந்த வெளி வாத்தியங்கள். நான்கு சுவருக்குள் அவற்றைப் பதிவு செய்வது அவற்றுக்கும் நல்லதில்லை, பதிவுக்கும் நல்லதில்லை. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டத்து உலர்களத்தில் வைத்து எடுத்தால் சுவரும் இல்லை, தறியும் இல்லை. மைக்கை ஆறு முழம் வரை தள்ளி வைக்கலாம். பம்பையில் மர உருளையும் உலோக உருளையுமாக இரண்டு இருப்பதால், இரண்டின் நிறமும் பிரிந்து கேட்க மைக் பக்கவாட்டில் இல்லாமல் நேர் எதிரே இருக்க வேண்டும். சிமெண்டு உலர்களமாக இருந்தால் அதுவும் டைல்ஸ் தரை போலத்தான். மைக்கைத் தரையோடு தரையாக ஒரு துண்டின்மேல் படுக்க வைத்துப் பாருங்கள், எதிரொலி சுற்றி வருவதற்கே வழி இல்லாமல் போகும்.

மலையில் எதிரிகள் வேறு. சவுக்கு மரத்திலும் சில்வர் ஓக்கிலும் காற்று புகுந்தால் ஒரு தொடர் இரைச்சல் எழும். பஞ்சு உறை மைக்கில் நேராக மோதும் காற்றைத்தான் தடுக்கும், மரத்தின் ஓசையைத் தடுக்காது. அந்தி சாய்ந்தால் சில்வண்டு தொடங்கிவிடும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் எடுத்து முடிப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக மூடுபனி. ஒருமுறை அங்கே தங்கியபோது, காலையில் சீக்கிரம் தொடங்கலாம் என்று கண்டென்சர் மைக்கை இரவே ஸ்டாண்டில் மாட்டி, திறந்த ஜன்னலோரம் விட்டுவிட்டுத் தூங்கினேன். விடிந்து, கண்டென்சர் மைக் இயங்கத் தேவையான 48 வோல்ட் பேண்டம் பவரைப் போட்டதும், பொரி பொரிவதுபோல் படபடவென்று ஓசை. உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் ஈரம் படிந்திருந்தது. எரியும் குண்டு பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு மணி நேரம் வைத்த பிறகுதான் அடங்கியது. அதற்குள் பனி ஏறிப் பறையின் தோல் தொய்ந்து, பறைக்காரர்கள் சருகைக் கொளுத்தி மறுபடியும் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். காய்ச்சிய தோலின் விறைப்பு கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பதால், மைக் வைக்கும் சோதனையைத் தொய்ந்த பறையிலேயே முடித்துவிட்டு, காய்ச்சியவுடன் நேராகப் பதிவுக்குப் போய்விட வேண்டும். கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி வைத்து, பதிவுக்கு அரை மணி முன்னால் மட்டும் வெளியே எடுங்கள். மாற்றுக்கு ஒரு டைனமிக் மைக் பையில் இருக்கட்டும்.

நல்ல இடம் கிடைத்துவிட்டால், ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வீணை. குடத்திலிருந்து ஒரு முழம் நான்கு விரல். உயரம் நெஞ்சளவு. முகம் கடைசி மெட்டுக்கு ஒரு விரல் இப்பால். முதுகு தறிப் பக்கம். செருப்பு மூன்று. விசிறி இல்லை."